கடலுக்குப் பூட்டு போட்ட மாதங்கள்

குளிர்காலப் பயணம் என்றதும் உங்கள் மனசில் என்ன படம் ஓடும்? கம்பளிக் கோட்டு, மங்க்கி குல்லா, பனி மூடிய மலைப்பாதை, வழியில் மாட்டிக்கொண்ட லாரிகள்... ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் வழியில் சோஜிலா கணவாய் இருக்கிறது. ஒரு காலத்தில் பனி விழுந்து அது மூடிக்கொண்டால், மாதக்கணக்கில் மூடியதுதான். அந்தப் பக்கம் வாழ்கிறவர்கள் மாவும் மண்ணெண்ணெயும் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைத்துவிட்டு, வசந்தகாலம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

'பாவம்!' என்று உச்சுக்கொட்டுவோம். நமக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. மார்கழியிலும் மதியம் ஃபேன் போட்டுக்கொள்கிற ஆட்கள் நாம்!

ஆனால், இதே போன்ற ஒரு பூட்டு நம் ஊருக்கும் இருந்தது. வருஷம் தவறாமல் விழும். விழுந்தால் இரண்டு, மூன்று மாதம் திறக்காது. பனிக்குப் பதில் காற்று, கணவாய்க்குப் பதில் கடல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பூட்டை மதித்தவன் பிழைத்தான். 'பார்த்துக்கலாம்' என்றவன் என்ன ஆனான் என்று தெரிய வேண்டுமானால், நாம் வீராம்பட்டினத்துக்குப் போக வேண்டும்.

புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் மீனவர் கிராமம் அது. ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஊரே திரண்டு வருமே, அதே வீராம்பட்டினம்தான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னரே வந்து தேர் வடம் பிடிக்கும் வழக்கம் ஏற்பட்டு, அது இன்றுவரை தொடர்கிறது. ஊரை ஒட்டி அரியாங்குப்பம் ஆறு. ஆற்றங்கரையில் அரிக்கமேடு. ஈராயிரம் வருஷத்துக்கு முன்பு ரோமானியர்களோடு வியாபாரம் செய்த இடம். கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளில் 'பொதுகே' என்று வரும் துறைமுகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் முடிவு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது இத்தாலிய மண்பாண்டங்களும், ஒயின் வந்த ஜாடிகளும் துண்டு துண்டாகக் கிடைத்தன.

அந்த ரோமானிய வியாபாரிகளின் டைம்-டேபிளைப் பாருங்கள். எகிப்திலிருந்து ஜூலை மாதம் கிளம்புவார்கள். தென்மேற்குக் காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு வந்து இந்தியாவின் மேற்குக் கரையில் சேர்க்கும். காற்று திசை மாறியதும் டிசம்பர், ஜனவரியில் திரும்பிவிடுவார்கள். காற்று வண்டிக்காரன் மாதிரி. அவன் போகிற திசைக்குத்தான் நாம் ஏறிக்கொள்ள முடியும். 'மான்சூன்' என்ற சொல்லே, பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

சரி, நம் சோழமண்டலக் கரையில் என்ன பிரச்னை?

இரண்டு பிரச்னைகள். முதலாவது, இந்தக் கரையில் கப்பல் ஒதுங்கி நிற்க ஒரு நல்ல இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையானாலும் சரி, பாண்டிச்சேரியானாலும் சரி, அன்றைக்குத் திறந்த கடல்தான். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து எட்டி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்கு என்ற படகில்தான் போய்வர வேண்டும். சலங்கு சாதாரணப் படகல்ல. பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்திருப்பார்கள். ஓர் ஆணி இருக்காது! ஆணி அடித்த படகை நம் அலை இரண்டே அறையில் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்து, கரையில் மோதினாலும் தாங்கும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் படகையும் அதன் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, 'ஷெலிங்' என்று அவர்கள் வாயில் வந்தபடி அழைத்தார்கள். படகு கவிழ்ந்தால் வெள்ளைக்கார துரையைத் தூக்கிப்போட, பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். அலை ரொம்பக் கடுமையாகி சலங்கே இறங்க முடியாத நாட்களில், கட்டுமரக்காரர் தன் கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போய்வருவார். ஒரு சாம்ராஜ்யத்தின் தபால் இலாகாவே ஒரு மீனவரின் தொப்பிக்குள் இருந்தது!

இரண்டாவது பிரச்னை, 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது. அக்டோபர் நடுவில் காற்று வடகிழக்குக்குத் திரும்புகிறது. அதாவது, கடலிலிருந்து கரையை நோக்கி. நங்கூரத்தில் நிற்கிற பாய்மரக் கப்பலுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. கயிறு அறுந்தால் நேராகத் தரை! போதாக்குறைக்கு வங்காள விரிகுடாவில் புயல்கள் பிறக்கிற சீஸனும் அதுதான்.

இந்த ஆபத்தைச் சரியாக எடைபோட்டது யார் தெரியுமா? தளபதிகளோ கவர்னர்களோ இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள்! (காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.) சென்னைக் கோட்டையின் கொடிமரத்தை அக்டோபர் 15-ம் தேதி இறக்கிவிடுவார்கள். 'கப்பல்களே, இடத்தைக் காலி பண்ணுங்கள்' என்று அதற்கு அர்த்தம். மறுபடி ஏற்றுவது டிசம்பர் 15-ல். நடுவில் உள்ள இரண்டு மாதமும் ஒரிஸாவின் பாமிராஸ் முனையிலிருந்து இலங்கை வரை, இந்தக் கரையை ஒட்டி ஒரு கப்பல் வந்தால் அதன் இன்ஷூரன்ஸ் செல்லாது. மூழ்கினால் காலணா கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த விதி அச்சேறிவிட்டது.

வியாபாரிக்கு இது போதும். பாலிசி செல்லாது என்றால் அவன் கப்பலை எடுக்கவே மாட்டான். ஆனால் படைத்தளபதி? அவருடைய கணக்குப் புத்தகத்தில் கப்பல் அரசாங்கத்துடையது. உயிர் சிப்பாயுடையது. புகழ் மட்டும்தான் அவருடையது!

முதல் உதாரணம், லபூர்தொனே. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படையோடு வந்து, ஆங்கிலேயர்களிடமிருந்து சென்னையைப் பிடித்துவிட்டார். பிடித்த கையோடு, 'பதினோரு லட்சம் வராகன் கொடுங்கள், ஊரைத் திருப்பித் தந்துவிடுகிறேன்' என்று பேரம். பாண்டிச்சேரியில் இருந்த கவர்னர் டூப்ளே சும்மா இருப்பாரா? 'ஊரைக் கொடுக்க நீ யார்?' என்று சண்டை. கடிதத்துக்கு மேல் கடிதம். இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் காலண்டர் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 13-ம் தேதி இரவு புயல் அடித்தது. சென்னைக்கு முன்னால் நங்கூரம் போட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களில் சில மூழ்கின. மிச்சம் பாய்மரம் ஒடிந்து மொட்டையாக மிதந்தன. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் போய்ச் சேர்ந்தார்கள். ஜெயித்த தளபதி தோற்றவர் மாதிரி ஊர் திரும்பினார். பாரிஸில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு, பாஸ்டில் சிறை! பிற்பாடு நிரபராதி என்று விடுவித்தார்கள். அதற்குள் உடம்பு நொறுங்கிவிட்டது. 1753-ல் இறந்துபோனார்.

இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலேயர் முறை. 1748 ஆகஸ்டில் அட்மிரல் பாஸ்கவன் பெரும்படையோடு பாண்டிச்சேரியை முற்றுகையிட வந்தார். வழியில் அரியாங்குப்பத்தில், அதாவது வீராம்பட்டினத்துக்குப் பக்கத்துவீட்டில், ஒரு சின்னக் கோட்டை. 'ஊதித் தள்ளிவிடலாம்' என்று போனவர்கள் அங்கேயே இரண்டு வாரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு வாரம்தான் பாண்டிச்சேரியைக் காப்பாற்றியது. அக்டோபரில் மழை இறங்க, பதுங்குகுழிகளில் தண்ணீர் நிறைய, ஜுரம் பரவ, பாஸ்கவன் மூட்டை கட்டினார். ஆயிரத்துச் சொச்சம் ஐரோப்பியர்களை அவர் இழந்தது சண்டையிலும் வியாதியிலும் சேர்த்துத்தான். அன்றைக்கு பாண்டிச்சேரியின் உண்மையான சேனாதிபதி, ஐப்பசி மாசம்!

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு மனிதர் இருந்தார். டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து கால் நூற்றாண்டு டைரி எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, எது கிளம்பியது, எத்தனை பீரங்கி மரியாதை என்று அதில் விடாமல் வந்துகொண்டே இருக்கும். ஏன் இவ்வளவு அக்கறை? கப்பல் வந்தால்தான் வெள்ளி வரும், ஆள் வரும், ஐரோப்பாவின் செய்தி வரும். வரவில்லை என்றால் இந்த ஊர் தனித் தீவு. பாரிஸிலிருந்து ஒரு கடிதம் வந்துசேரவே பெரும்பாலும் ஆறேழு மாதத்துக்கு மேல் ஆகும். பருவத்தைத் தவறவிட்டால் இன்னும் நாலைந்து மாதம் போச்சு. 1757 மே மாதம் பிரான்ஸில் கப்பலேறிய தளபதி லாலி பாண்டிச்சேரியில் கால்வைத்தது 1758 ஏப்ரல் கடைசியில். கிட்டத்தட்ட ஒரு வருஷம்!

இந்த லாலிதான் நம் கதையின் முக்கியப் புள்ளி. மனிதர் பருவக்காற்றை வைத்தே ஒரு கணக்குப் போட்டார். 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். ஏன் டிசம்பர்? ஆங்கிலேயக் கடற்படை மழைக்கு ஒதுங்கி பம்பாய் போயிருந்தது. அது திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார். முடியவில்லை. பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் லாலி பின்வாங்கினார். அடுத்த வருஷம் அவருடைய சொந்தக் கடற்படையே கைவிட்டது. 1759 செப்டம்பரில் சண்டையில் அடிபட்டு வந்த அட்மிரல் தாஷே, ஊரே கெஞ்சியும் கேட்காமல் பருவம் மாறுவதற்குள் மொரீஷியஸுக்குக் கிளம்பினார். பிறகு வரவே இல்லை.

1760. இப்போது முற்றுகை போட்டவர் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். இங்கேதான் ஆங்கிலேயர்கள் பழைய விதியை உடைத்தார்கள். அட்மிரல் ஸ்டீவன்ஸ் அக்டோபரில் பெரும்பாலான கப்பல்களோடு திருகோணமலைக்கு ஒதுங்கினார். அந்த வட்டாரத்தில் இயற்கையே கட்டிக்கொடுத்த நல்ல துறைமுகம் அது. ஆனால் ஐந்து கப்பல்களைப் பாண்டிச்சேரிக்கு எதிரே விட்டுவிட்டுப் போனார், அடைமழையிலும் அசையக்கூடாது என்று. மழை வந்தால் எதிரி போய்விடுவான் என்று நம்பியிருந்த ஊருக்கு இது பேரிடி.

ஊருக்குள் பட்டினி ஆரம்பித்தது. நவம்பர் 27-ம் தேதி லாலி ஒரு முடிவெடுத்தார். 'இருக்கிற தானியம் சிப்பாய்களுக்கே போதாது. உள்ளூர் ஜனங்களை வெளியேற்றுங்கள்.' வீட்டு வேலைக்காரர்கள் சிலர் தவிர, மிச்சமிருந்த தமிழ் ஜனங்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 1,400 பேர் கோட்டைக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். கார்த்திகை மாசத்து மழை வேறு.

அவர்கள் ஆங்கிலேயப் பாளையத்தை நோக்கி நடந்தார்கள். அங்கிருந்த காவலர்கள் 'திரும்பிப் போ' என்று விரட்டினார்கள். திரும்பி வந்தார்கள். கோட்டை திறக்கவில்லை. அந்தப் பக்கமிருந்தும் துப்பாக்கி நீண்டது. எட்டு நாள்! இரண்டு படைகளுக்கு நடுவே, திறந்த வெளியில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். எட்டாவது நாள் கூட் மனமிரங்கி வழிவிட்டார். சாப்பாடு கொடுத்ததாகத் தெரியவில்லை. போக அனுமதித்தார், அவ்வளவுதான். அதற்கே அந்த ஜனங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்களாம். எங்கே போனார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்? சரித்திரப் புத்தகங்கள் அவர்கள் பின்னால் போகவில்லை.

ஊருக்குள் இருந்தவர்கள் யானை, ஒட்டகம் வரை அடித்துத் தின்றார்கள். ஒரு நாயின் இறைச்சி 24 ரூபாய்க்கு விலைபோனது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைய 24 ரூபாய்!

டிசம்பர் கடைசியில் ஸ்டீவன்ஸ் திரும்பிவந்தார். கொடிமரக் கணக்குப்படி பார்த்தால் ஆபத்துக் காலம் முடிந்துவிட்டது. மார்கழி பாதி தாண்டியாகிவிட்டது. இனி என்ன?

1761 ஜனவரி 1. புத்தாண்டு இரவு. காற்று முதலில் வடமேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. அட்மிரல் அனுபவசாலி. தன் கப்பல் 'நார்ஃபோக்'கின் நங்கூரக் கயிற்றை வெட்டச் சொல்லி ஆழ்கடலுக்கு ஓடினார். மற்ற கப்பல்களும் வெட்டிக்கொண்டு ஓடட்டும் என்று பீரங்கி வெடித்து சிக்னல் கொடுத்தார். அந்தக் காற்றின் இரைச்சலில் சிக்னல் கேட்டால்தானே? மற்றவர்கள் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் பூகோளம். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதன் நடுப்பகுதி நம்மைக் கடந்தால் முதலில் ஒரு பக்கத்துக் காற்று, நடுவில் கொஞ்ச நேரம் மயான அமைதி, பிறகு நேர் எதிர்ப்பக்கத்துக் காற்று. அன்றைக்கும் அதுதான் நடந்தது. நள்ளிரவை ஒட்டி காற்று அடங்கியது. 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள் தென்கிழக்கிலிருந்து திரும்ப அறைந்தது, இந்தமுறை கடலிலிருந்து கரையை நோக்கி.

'டியூக் ஆஃப் அக்விடேன்', 'சண்டர்லேண்ட்' என்ற இரண்டு போர்க்கப்பல்களும், சாமான் ஏற்றிவந்த ஒரு கப்பலும் மூழ்கின. அவற்றில் இருந்த சுமார் 1,100 பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் பதினாலே பேர். 'நியூகேஸில்', 'குவீன்பரோ', 'ப்ரொடெக்டர்' மூன்றும் அரியாங்குப்பத்தை ஒட்டிய கரையில், நம் வீராம்பட்டினத்து மணல் பக்கமாகத் தூக்கி எறியப்பட்டன. ஆனால் வேடிக்கை பாருங்கள், தரைதட்டிய கப்பல்களில் ஏழு பேர் தவிர எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். நடுக்கடலில் ஆளைக் கொன்ற புயல், கரையில் கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது. நிலத்தில் கூட்டின் பாளையத்திலும் கூடாரங்கள் பறந்தன, பீரங்கி மேடைகள் சரிந்தன.

விடிந்ததும் லாலிக்குத் தலைகால் புரியவில்லை. எதிரிக் கப்பற்படையையே காணோம்! பழவேற்காட்டில் இருந்த தன் ஏஜெண்டுக்கு, 'உடனே படகுகளில் அரிசி ஏற்றி அனுப்பு' என்று அவசரக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. தப்பிப் பிழைத்த கப்பல்களும் வெளியிலிருந்து வந்த கப்பல்களும் சில நாட்களுக்குள்ளேயே பாண்டிச்சேரிக்கு எதிரே மறுபடி வரிசைகட்டி நின்றன. புயல் திறந்த கதவு ஒரு வாரம்கூடத் திறந்திருக்கவில்லை. ஜனவரி 16-ல் பாண்டிச்சேரி விழுந்தது. ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே மாதத்தில்தான் காலமானார். லாலியை பிரான்ஸில் துரோகி என்று விசாரித்து, 1766-ல் தலையை வெட்டினார்கள்.

இந்தச் செய்தி தெரியாமல் ஒருவர் பாண்டிச்சேரியை நோக்கி வந்துகொண்டிருந்தார். வானியல் அறிஞர் லெ ஜான்தீ. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கிரகம் கடப்பதைப் பாண்டிச்சேரியிலிருந்து பார்க்க வேண்டும். 1761 ஜூன் 6 அந்த நாள். மார்ச்சில் மொரீஷியஸிலிருந்து கிளம்பியவரைக் காற்று அலைக்கழித்தது. மாஹே பக்கம் வந்தபோதுதான், 'பாண்டிச்சேரி போயே போச்சு' என்று தெரிந்தது. கப்பல் திரும்பியது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில், ஆடுகிற தளத்தில் நின்றுகொண்டிருந்தார். அளவெடுக்க முடியவில்லை.

விட்டாரா? அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து! காத்திருந்து, 1768-ல் பாண்டிச்சேரிக்கே வந்தார். வீராம்பட்டினம் பக்கம் ஜனங்கள் பெரிய பெரிய பழங்காலச் செங்கற்களைத் தோண்டி எடுப்பதைப் பார்த்தார். வீரராகன் என்ற ராஜாவின் கோட்டை என்று அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். அரிக்கமேட்டைப் பற்றிய ஆரம்பகாலக் குறிப்புகளில் அதுவும் ஒன்று. 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்தில், மேகம் வந்து சூரியனை மூடியது. வெறுங்கையோடு 1771-ல் ஊர் திரும்பினால், 'ஆள் செத்துவிட்டார்' என்று முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பங்குபோடத் தயாராக இருந்தார்களாம்!

'அதெல்லாம் பாய்மரக் காலம்' என்கிறீர்களா? பாய்மரம் போனது, ஐப்பசி போகவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது ஞாபகம் இருக்கிறதா? 1761 புயலுக்கும் இதற்கும் நடுவே கிட்டத்தட்ட 251 வருஷம் ஓடியிருக்கிறது. காலண்டரில் இடைவெளி இரண்டே நாள்! 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இன்றைக்கு சாட்டிலைட் பார்க்கிறது. நாலு நாள் முன்னாலேயே சொல்கிறார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. வீராம்பட்டினத்தில் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போடுகிறார்கள். அந்த நாட்களில் அடுப்பு எரியக் கடன் வாங்குவதும் அவர்கள்தான்.

அன்றைக்கும் தளபதிகளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கொடிமரத்துக்குத் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசிக்குத் தெரிந்தது. சலங்குக்காரருக்கு அதற்கும் முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் நின்றவர்கள் அடுத்தவர் உயிரை முதலாகப் போட்டு நின்றார்கள். நஷ்டக் கணக்கு எழுதும்போது கப்பல்களுக்குப் பெயர் போட்டார்கள், அட்மிரல்களுக்குப் பெயர் போட்டார்கள். எட்டு நாள் மழையில் புல் வேர் தின்ற 1,400 பேரில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

அடுத்த ஐப்பசியில் டி.வி.யில் 'புதுச்சேரி துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு' என்று ஓடும். சேனலை மாற்றுவதற்கு முன்னால் அவர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.